ஆங்கில ஒலியும் தமிழ்ச் செவியும் – 9: நீண்ட சொல்லைப் பின்னிருந்து எண்ணுதல்

சென்ற இதழில் ஈரசைச் சொற்களை ஆராய்ந்தபோது, ‘பெர்மிட்’ என்பது பெயராக நிற்கையில் முதலசையிலும் வினையாக நிற்கையில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுவதையும், ‘ரெக்கார்டு’, ‘இம்போர்ட்’, ‘அப்ஜெக்ட்’ முதலிய பல சொற்கள் அதே வழியில் நடப்பதையும் கண்டோம். இரண்டே அசையுள்ள சொற்களில் இவ்வளவு சிக்கல் இருக்குமாயின், ஐந்தும் ஆறும் எட்டும் அசைகள் கொண்ட நெடுஞ்சொற்களின் கதி என்ன ஆகுமோ என்று வாசகர்கள் கவலை கொள்வது இயல்பே. அந்தக் கவலைக்குக் காரணமில்லை என்று காட்டுவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் அழுத்தத்தின் ஸ்தானம் சந்தேகத்துக்கு உள்ளாவது பெரும்பாலும் குறுஞ்சொற்களில்தான். சொல் நீளும்போது, அதன் ஈற்றில் நிற்கும் விகுதி தன் அதிகாரத்தைச் செலுத்தத் தொடங்கிவிடுகிறது. அந்த அதிகாரம் எத்தகையது என்று தெரிந்துகொண்டவர், அதற்குமுன் கண்டும் கேட்டும் அறியாத ஒரு சொல்லைக்கூடத் தயக்கமின்றி உச்சரித்துவிடலாம். நாம் படும் இடர்ப்பாடெல்லாம், நெடுஞ்சொல்லைத் தலைப்பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு போவதால் விளைவது. அழுத்தத்தை அறிய விரும்புகிறவர் எண்ண வேண்டியது பின்பக்கத்திலிருந்து.

உதாரணங்களை எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அசைகளைச் சிறு கோடுகளால் பிரித்து, அழுத்தம் விழும் அசையின் முன் ‘ˈ’ என்னும் குறியை இடுகிறேன். 1886-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் தோன்றிய சர்வதேச ஒலியியல் சங்கத்தின் வழிவந்த குறி இது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி இம்முறை எங்கும் பரவுவதற்குப் பெருந்துணை செய்தது. பழைய அமெரிக்க அகராதிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெப்ஸ்டரின் பெயரால் வழங்கும் பேரகராதிகள் இக்குறியை அழுத்தம் பெற்ற அசைக்குப் பின்னே இட்டுவந்தன. 1961-இல் வெளிவந்த மூன்றாம் சர்வதேசப் பதிப்பில்தான் அது அசைக்கு முன்னே வந்தது. இந்த வேறுபாட்டை அறியாதவர், அகராதியைப் பார்த்த பின்னும் அடுத்த அசையில் அழுத்தம் கொடுத்துவிடுவார்.

இனி அசையைப் பற்றிச் சிறிது. நம் யாப்பிலக்கணத்தில் நேரசை, நிரையசை என இரண்டு உண்டு. நிரையசையில் இரண்டு உயிர்கள் இணைந்து நிற்கும். ஆங்கில அசையிலோ ஓர் உயிரொலிக்கு மேல் இடமில்லை. ‘மலர்’ என்பது காரிகை கற்றவருக்கு ஓரசை; ஆங்கிலச் செவிக்கு ஈரசை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றபடி ஆங்கில அசையை எண்ணுவது எளிது: எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை. கேட்கும் உயிர்தான் கணக்கில் சேரும். எழுதிய உயிரெழுத்து சேராது. வரிசையில் நிற்பதைக் குறிக்கும் ‘க்யூ’ என்ற சொல்லை எழுதும்போது நான்கு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. காதில் விழுவது ஒரே அசை. வலிமைகள் என்று பொருள்படும் ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஒன்பது எழுத்தால் ஆனது, அதுவும் ஓரசையே. இதற்கு மாறாக, ‘ரிதம்’ என்னும் சொல்லின் எழுத்துகளில் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட இல்லை; ஆயினும் அது ஈரசைச் சொல். அங்கே மகர மெய்யே தனித்து ஓரசையின் ஸ்தானத்தைப் பெறுகிறது. ‘பாட்டில்’ என்ற சொல்லின் ஈற்றில் லகர மெய்யும், ‘பட்டன்’ என்ற சொல்லின் ஈற்றில் னகர மெய்யும் அவ்வாறே அசையாகும். உயிரின் துணையின்றி மெய் இயங்காது என்று பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும்.

நம்மவர் நாவில் அசைக்கணக்கு பிசகுவது இரண்டு வழிகளில். மெய்யும் மெய்யும் மயங்கி ஒரு சொல்லின் முதலில் நிற்பதைத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே தமிழ் ஏற்றதில்லை. ஆகவே ‘ஸ்கூல்’ இஸ்கூலாகிறது. சொல் வல்லின மெய்யில் முடிவதும் தமிழுக்கு உவப்பன்று. ஆகவே ஈற்றில் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்கிறோம். இவ்விரண்டும் சேர்ந்தால், தெருவைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீட்’ என்ற ஓரசைச் சொல் ‘இஸ்டிரீட்டு’ என நாலசைச் சொல்லாகிவிடுகிறது. தமிழுக்குள் வந்து குடியேறிய சொல்லுக்கு இது முறையான தமிழாக்கம். அதில் குறைகூற எதுவுமில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மாத்திரம் இது இடையூறாகிறது. ஏனெனில், அழுத்தத்தைப் பின்னிருந்து எண்ணுவதே வழி என்று சொன்னேன். ஈற்றில் இல்லாத ஓரசையைச் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை முழுவதும் ஓரிடம் தவறிப்போகும். இரண்டாவது வழி வேறு. எழுத்தில் உள்ள எல்லா உயிர்களையும் நாம் ஒன்றுவிடாமல் ஒலிக்கிறோம். ஆங்கிலேயர் சிலவற்றை விழுங்கிவிடுகிறார்கள். ‘வெஜிடபிள்’ அவர்கள் பேச்சில் பெரும்பாலும் மூன்றசை. ‘கம்ஃபர்டபிள்’ என்பதும் அப்படியே. ‘சாக்லேட்’ இரண்டே அசை.

சொல்லை எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்ற கேள்வியில் பலர் மிகுந்த காலத்தைச் செலவிடுகிறார்கள். இதில் பழங்காலத்திலிருந்தே விவாதம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பிள்ளைகள் பயின்ற பாடநூல் தாமஸ் டில்வொர்த் என்பவர் இயற்றியது. அதில் ‘க்ளஸ்டர்’ என்ற சொல்லை ‘க்ள-ஸ்டர்’ என்று பிரித்திருந்தார். ‘நேஷன்’ போன்ற சொற்களின் ஈற்றிலுள்ள டி-ஐ-ஓ-என் என்ற நான்கெழுத்துகளை இரண்டு அசைகளாகக் கணக்கிட்டிருந்தார். பள்ளி ஆசிரியராயிருந்த நோவா வெப்ஸ்டர், 1783-இல் தமது எழுத்துக்கூட்டு நூலை வெளியிட்டபோது, வாய் பேசுகிறபடியே புத்தகமும் பிரிக்க வேண்டும் என்று வாதித்து, ‘க்ளஸ்-டர்’ என்று மாற்றினார். டி-ஐ-ஓ-என் என்பதை ஓரசையாக்கினார். அந்த நான்கெழுத்து விகுதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். சற்று நேரத்தில் அது நமக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிடப் போகிறது. வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது அமெரிக்க அச்சகங்கள் இன்றுவரை ஒலியையும், பிரிட்டிஷ் அச்சகங்கள் பெரும்பாலும் சொல்லின் உறுப்புகளையும் பின்பற்றுகின்றன. அறிவைக் குறிக்கும் ‘நாலெட்ஜ்’ அமெரிக்காவில் எல் என்ற எழுத்துக்குப் பின்னும், இங்கிலாந்தில் அவ்வெழுத்துக்கு முன்னும் உடைபடும். 1983-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் ஃப்ராங்க் லியாங் என்பவர், டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்காக, கணினியே சொற்களை உடைக்கும் முறையொன்றைத் தமது ஆய்வேட்டில் வகுத்தார். அருமையான வேலை அது. ஆனால் எழுத்தை மட்டும் நோக்கும் எந்த முறைக்கும், சென்ற வாரம் பார்த்த ‘ரெக்கார்டு’ பெயரா வினையா என்று தெரியாது. பெயராயின் சி என்ற எழுத்துக்குப் பின்னும் வினையாயின் அதற்கு முன்னும் உடைய வேண்டிய சொல் அது. வெட்டுமிடத்தை அழுத்தமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒலியியலறிஞர் ஜே. சி. வெல்ஸ் 1990-இல் தாம் தொகுத்த உச்சரிப்பு அகராதியில் இக்கொள்கையையே மேற்கொண்டார்: இரண்டு அசைகளுக்கு நடுவிலுள்ள மெய், அவற்றுள் எது மிகுதியாக அழுத்தம் பெறுகிறதோ அதனோடு சேரும். ஆகவே, வெட்டுமிடத்தைப் பற்றிய வழக்கை அச்சுக்கோப்பவர்களிடம் விட்டுவிட்டு, பேசுகிறவர் அசையின் எண்ணிக்கையையும் அழுத்தத்தின் ஸ்தானத்தையும் தேடுவதே தக்கது.

அழுத்தம் என்பது குரலை உயர்த்துவது மட்டுமன்று. அழுத்தம் பெற்ற அசை உரத்தும், நீண்டும், சுருதியில் வேறுபட்டும் ஒலிக்கும். அதைவிட முக்கியமானது, அழுத்தம் பெறாத அசைகள் தம் உயிரின் நிறத்தை இழந்து, அகரத்தின் சாயல் கொண்ட ஒரு மங்கலான குற்றொலியாகச் சுருங்கிவிடும். எபிரேய இலக்கணத்திலிருந்து கடன்வாங்கி ‘ஷ்வா’ என்று மேனாட்டார் பெயரிட்டிருக்கும் இவ்வொலியே ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிரொலி. ஆனால் அதற்கென்று ஓர் எழுத்து அந்த நெடுங்கணக்கில் இல்லை. தமிழிலும் குறுக்கங்கள் உண்டு. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. ஐகாரம் சொல்லில் வருகையில் தன் இரண்டு மாத்திரையிலிருந்து குறையும் என்றும் சொல்லியிருக்கிறது. தமிழில் குறிப்பிட்ட சில உயிர்களுக்குக் குறிப்பிட்ட சில இடங்களில் நேரும் இக்குறுக்கம், ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத எந்த இடத்திலும் எந்த உயிருக்கும் நேரக்கூடும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்: ‘ˈஃபோ-ட-க்ராஃப்’, ‘ஃப-ˈடா-க்ர-ஃபி’, ‘ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக்’. படம், படம்பிடிக்கும் கலை, அக்கலையைச் சார்ந்தது என்ற மூன்று பொருள்கள். எழுத்தில் இவற்றின் முன்பகுதி முற்றிலும் ஒன்றே. ஒலியில் முதற்சொல்லில் ஓங்கி நின்ற ஓகாரம் இரண்டாம் சொல்லில் மங்கிப்போகிறது, முதற்சொல்லில் மங்கியிருந்த இரண்டாம் உயிர் அங்கே தலைதூக்குகிறது, மூன்றாம் சொல்லிலோ அழுத்தம் இன்னும் ஓரசை தள்ளிப்போய்விடுகிறது. எல்லா உயிர்களையும் சமமாக மதித்து, முழு மாத்திரை கொடுத்து ஒலிக்கும் தமிழருக்கு, இம்மூன்றையும் ஆங்கிலச் செவி ஏற்கும்படி வேறுபடுத்திச் சொல்வது பயிற்சியினால் வர வேண்டியது.

இந்த இடமாற்றம் தாறுமாறானதன்று. அதன் காரணத்தை அறியச் சரித்திரத்தில் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். ஆங்கிலத்தின் ஆதி வடிவம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் சொல்லின் வேர்ப்பகுதி, பெரும்பாலும் முதலசை, அழுத்தம் பெறும். பின்னால் எத்தனை விகுதிகள் சேர்ந்தாலும் அழுத்தம் அசையாது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்து புகுந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கல்விமான்கள் ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் சாஸரின் காலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் பல ஈற்றசையில் அழுத்தத்தோடே வழங்கின. நாளடைவில் அது சொல்லின் முற்பகுதிக்கு நகர்ந்தது. இன்று நாம் நெடுஞ்சொல் என்று சொல்பவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த அயல்நாட்டுச் செல்வமே. ஆகவே அவற்றின் அழுத்தத்தை ஆள்வது, நீண்ட காலக் கலப்புக்குப் பின் ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்ட லத்தீன் நியமம்.

அந்த நியமம் நமக்கு அந்நியமானதன்று. உண்மையில், ஐரோப்பிய மாணவனைவிட யாப்பு அறிந்த தமிழனுக்கு அது விரைவில் புரியும். வடமொழியார் லகு, குரு என்று அசையைப் பாகுபடுத்துவார்கள்: தனிக்குறில் லகு, நெடிலும், ஒற்றடுத்த குறிலும் குரு. நம் நேரசையின் நால்வகையில் தனிக்குறிலை மாத்திரம் விலக்கிவிட்டு, தனிநெடில், குற்றொற்று, நெட்டொற்று ஆகிய மூன்றையும் கனமானவை என்று கொண்டால் அதே பாகுபாடு கிடைத்துவிடும். லத்தீன் இலக்கணம் சொல்வது இவ்வளவே: சொல்லின் கடைசி அசையை விட்டுவிடு, அதற்கு முந்திய அசை, அதாவது பின்னிருந்து இரண்டாவது, கனமானதாக இருந்தால் அழுத்தம் அங்கே விழும், கனமற்றதாக இருந்தால் அழுத்தம் ஓரசை முன்னேறிப் பின்னிருந்து மூன்றாவதில் விழும். ‘அ-ˈஜென்-டா’, ‘வெ-ˈரான்-டா’, ‘சி-ˈனாப்-ஸிஸ்’ ஆகியவற்றில் நடுவசை ஒற்றடுத்துக் கனத்திருக்கிறது; ‘அ-ˈரோ-மா’, ‘அ-ரி-ˈஸோ-னா’ ஆகியவற்றில் நெடிலால் கனத்திருக்கிறது. ‘ˈசி-னி-மா’, ‘ˈகா-ன-டா’, ‘அ-ˈமெ-ரி-கா’ என்பவற்றில் பின்னிருந்து இரண்டாவது அசை வெறுங்குறில். ஆகவே அழுத்தம் அதைத் தாண்டி முன்னே போய்விட்டது. வெராண்டா லத்தீன் சொல்லே அன்று. போர்ச்சுக்கீசியர் வழியாகவும் இந்தியாவின் வழியாகவும் ஆங்கிலத்துக்குள் போன சொல் அது. அதுகூட இந்நியமத்துக்குத் தலைவணங்குகிறது என்பதைக் காண்கையில், இந்நியமம் ஆங்கிலேயர் செவியில் எவ்வளவு ஆழமாக ஊறிவிட்டது என்பது விளங்கும்.

இனி அந்த நான்கெழுத்து விகுதிக்கு வருவோம். டி-ஐ-ஓ-என் என்று முடியும் சொற்களில் அதற்கு நேர்முன்னுள்ள அசையில் அழுத்தம் விழும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன: ‘எ-ஜு-ˈகே-ஷன்’, ‘எக்-ஸா-மி-ˈனே-ஷன்’, ‘இன்-ஸ்டி-ˈடியூ-ஷன்’. வேறோரிடத்தில், ஐ-டி-ஒய் என்று முடியும் சொற்களில் பின்னிருந்து மூன்றாம் அசையில் அழுத்தம் விழும் என்று அதே நூல்கள் தனி விதியாகச் சொல்கின்றன: ‘யூ-னி-ˈவர்-ஸி-டி’, ‘இ-லெக்-ˈட்ரி-ஸி-டி’. மாணவன் இரண்டையும் தொடர்பற்ற விதிகளாக மனப்பாடம் செய்கிறான். ஆனால் டில்வொர்த் செய்தபடி அவ்விகுதியை ‘டி-ஓன்’ என்று ஈரசையாக எண்ணிப் பார்த்தால், ‘நேஷன்’ மூவசைச் சொல்லாகும். அழுத்தம் பின்னிருந்து மூன்றாவதில் இருக்கும். ஒரு காலத்தில் அது மெய்யாகவே ஈரசையாக ஒலிக்கப்பட்ட விகுதிதான். பிற்காலத்தில் நாவின் விரைவில் இரண்டும் ஒன்றாகிக் கரைந்துவிட்டன. அழுத்தமோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வெப்ஸ்டர் தம் காலத்துப் பேச்சை ஒட்டி அதை ஓரசையாக்கியது சரியே. டில்வொர்த் காட்டிய பழைய கணக்கும் வீணானதன்று. இதைத் தெரிந்துகொண்டபின், ‘ம்யூ-ˈஸி-ஷன்’ என்ற சங்கீத வித்துவானும், ‘ஸ-ˈஸ்பி-ஷஸ்’ என்ற ஐயத்துக்கிடமானதும், ‘ஃபை-ˈனான்-ஷல்’ என்ற நிதி சம்பந்தமும் வெவ்வேறு விதிகளை வேண்டாமல், ஷகரமாய்க் கரைந்துபோன ஓர் இகரத்தை உள்ளத்தில் மீட்டு எண்ணும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. சொற்களை வெறுமனே பட்டியலிட்டு ஒப்பிக்கச் செய்யும் ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்தை மாணவர்களுக்குச் சொன்னால், பல நாள் உழைப்பு மிச்சமாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதே மூன்றாமிடக் கணக்கில் வேறு பல விகுதிகளும் அமைகின்றன. கலைகளின் பெயர்கள் பல இவ்வகை: ‘பை-ˈயா-ல-ஜி’, ‘ஜி-ˈயா-க்ர-ஃபி’, ‘ஜி-ˈயா-மெ-ட்ரி’, ‘இ-ˈகா-ன-மி’. குடியாட்சியைக் குறிக்கும் ‘டி-ˈமா-க்ர-ஸி’யும் அவ்வாறே. ஏ-டி-ஈ என்று முடியும் நெடிய வினைகளும் இதில் சேரும்: ‘க-ˈம்யூ-னி-கேட்’, ‘அ-ˈப்ரீ-ஷி-யேட்’. ஐ-சி என்ற ஈற்றெழுத்துகள் மட்டும் தமக்கு நேர்முன்னுள்ள அசையையே அழுத்தும்: ‘டெ-ம-ˈக்ரா-டிக்’, ‘ஈ-க-ˈநா-மிக்’. அதன்மேல் ஏ-எல் சேர்ந்து ‘ஈ-க-ˈநா-மி-கல்’ ஆகும்போது அழுத்தம் நகராமலே மூன்றாமிடம் ஆகிவிடும். இங்கே விலக்குகள் உண்டு. அவற்றை மனத்தில் பதித்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை: ‘ˈஆ-ர-பிக்’, ‘ˈகா-த-லிக்’, ‘ˈலூ-ன-டிக்’, ‘அ-ˈரித்-ம-டிக்’, ‘ˈபா-லி-டிக்ஸ்’. இறுதியில் சொன்ன அரசியலோ, ஏ-எல் சேர்ந்தவுடன் ‘ப-ˈலி-டி-கல்’ என்று நியமத்துக்குத் திரும்பிவிடுகிறது; அத்தொழிலைச் செய்பவர் ‘பா-லி-ˈடி-ஷன்’.

வேறு சில விகுதிகள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்: ‘என்-ஜி-ˈனியர்’, ‘வா-லன்-ˈடியர்’, ‘ஜா-ப-ˈனீஸ்’, ‘எம்-ப்ளாய்-ˈயீ’. ‘க-ˈமி-டி’ இதற்கு விலக்கு.

இவற்றுக்கெல்லாம் எதிரிடையாக, ஜெர்மானியப் பூர்விகத்தைச் சேர்ந்த நெஸ், லெஸ், ஃபுல், லி, ஷிப், ஹுட், இங் போன்ற விகுதிகள் அழுத்தத்தில் தலையிடுவதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்த மென்ட் என்பதும், கிரேக்கத்திலிருந்து வந்த இஸம் என்பதும் நடத்தையில் இவற்றோடு சேர்ந்தவையே. ஆகையால் நெடுஞ்சொல்லைக் கண்டவுடன் இந்த வலுவற்ற ஒட்டுகளை ஈற்றிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தெடுத்துவிட்டு, மிஞ்சியதன் ஈற்றில் அதிகாரமுள்ள விகுதி எது என்று பார்த்து, அங்கிருந்து எண்ண வேண்டும். பொதுவாக ஆங்கிலத்தின் நெடுஞ்சொல் என்று எடுத்துக்காட்டப்படும் இருபத்தெட்டு எழுத்துச் சொல்லை இம்முறையில் அணுகிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை அந்த அந்தஸ்தை இழக்கக் கூடாது என்று வாதித்தவர்களின் கொள்கைக்குப் பெயர் அது; 1869-ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்துத் திருச்சபையை அரசாங்கத்திலிருந்து பிரித்த காலம் அத்தகைய விவாதங்களின் காலம். சொல் இது: ‘ஆன்-டி-டிஸ்-இஸ்-டாப்-லிஷ்-மென்-ˈடே-ரி-ய-னி-ஸம்’. பன்னிரண்டு அசை. ஈற்றிலுள்ள இஸம் வலுவற்றது, அதை நீக்குக. எஞ்சியது ‘டேரியன்’ என்று முடிகிறது. ‘ய’ ஒன்று, ‘ரி’ இரண்டு, ‘டே’ மூன்று. அழுத்தம் கிடைத்துவிட்டது. முன்னாலுள்ள ஏழு அசைகளில் ஒன்றையேனும் நாம் தொடவில்லை. ஷேக்ஸ்பியர் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஒரு விதூஷகன் வாயில் வைத்த இருபத்தேழு எழுத்து லத்தீன் சொல்லும் ‘ˈடா-டி-புஸ்’ என்ற மூன்றாமிடத்தில்தான் அழுத்தம் கொள்கிறது. அமெரிக்கப் புதிர்வாணர் சங்கத்தின் தலைவர் 1935-இல் புனைந்து, பின்னர் அகராதிகளிலும் ஏறிவிட்ட நுரையீரல் நோயின் பெயரோ நாற்பத்தைந்து எழுத்துகளும் பத்தொன்பது அசைகளும் உடையது; அதன் முடிவு ‘-னி-ˈயோ-ஸிஸ்’. ஈற்றயலசை நெடிலால் கனத்திருப்பதால் அழுத்தம் அங்கேயே நின்றுவிடுகிறது. பத்தொன்பது அசையின் தலைவிதியைக் கடைசி இரண்டு அசைகள் தீர்மானித்துவிட்டன.

தலையழுத்தம், அதாவது முதன்மையான அழுத்தம், கிடைத்தபின் சொல்லின் முற்பகுதியைக் கவனிக்கலாம். ஆங்கிலம் ஒரு சொல்லின் தொடக்கத்தில் இரண்டு அசைகளைச் சேர்ந்தாற்போல் மங்கவிடுவதில்லை. முதலிரண்டில் ஏதேனும் ஒன்று துணையழுத்தம் ஏற்று நிற்கும். ‘எக்ஸாமினேஷன்’ என்பதில் ‘ஸா’வும், ‘எஜுகேஷன்’ என்பதில் ‘எ’யும் அத்தகையவை. ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’ என்பதில் ‘பி’ தலையழுத்தம் பெற, ‘ஸ்பான்’ துணையழுத்தம் பெறும். அதற்கு ‘ரெஸ்பான்ஸிபிள்’ என்ற தாய்ச்சொல்லின் பழைய அழுத்தமே காரணம். மகளிடத்தில் அது ஒருபடி தாழ்ந்து தங்கியிருக்கிறது.

நியமத்தை இவ்வளவு புகழ்ந்தபின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தமக்குள் ஒத்துப்போகாத இடங்களையும் சொல்வதுதான் நேர்மை. ‘கான்ட்ரவர்ஸி’யை முதலசையில் அழுத்துவோரும் இரண்டாவதில் அழுத்துவோரும் இன்றும் இருக்கிறார்கள். சோதனைச்சாலை இங்கிலாந்தில் ‘ல-ˈபா-ர-ட்ரி’, அமெரிக்காவில் ‘ˈலா-ப்ர-டோ-ரி’. விளம்பரம் இங்கிலாந்தில் ‘அட்-ˈவர்-டிஸ்-மென்ட்’; அமெரிக்காவில் ‘ஆட்-வர்-ˈடைஸ்-மென்ட்’. ‘பால்கனி’ இத்தாலியிலிருந்து வந்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நடுவசையில் அழுத்தம் பெற்றே வழங்கியது. அது முதலசைக்கு மாறியதைத் தம் முதுமையில் கேட்க நேர்ந்த சாமுவேல் ராஜர்ஸ் என்னும் கவிஞர், மனம் சகியாமல் வெறுப்பைக் கொட்டியிருக்கிறார். அவர் வெறுத்த உச்சரிப்பே இன்று எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. இத்தகைய சொற்கள் மிகச் சில. அவற்றில் எந்த வழக்கைக் கொண்டாலும் கேட்பவருக்கு விளங்கும்.

விளங்காமல் போவது வேறிடத்தில். ஹைதராபாத்தில் 1958-இல் நிறுவப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்ஸால், இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை ஆராய்ந்து 1969-இல் நூலாக வெளியிட்டார். தவறான இடத்தில் விழும் சொல்லழுத்தம் விளங்காமைக்கு முக்கிய காரணங்களில் ஒன்று என்பது அவர் கண்ட முடிவு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், அழுத்தம் பெற்ற அசையைப் பற்றிக்கொண்டே சொல்லை அடையாளம் காண்கிறார். அந்த அசை இடம் மாறிவிட்டால், மற்ற ஒலிகள் அனைத்தும் பிழையின்றி இருந்தும் அவர் திகைத்துவிடுகிறார். தமிழகக் கல்லூரிகளில் பயிலப்படும் ஒலியியல் பாடநூலை 1981-இல் எழுதிய பேராசிரியர் டி. பாலசுப்பிரமணியன் போன்றோர் இதை வலியுறுத்தியிருந்தும், பட்டப்படிப்புக்கு வரும்வரை நம் பிள்ளைகளில் பலர் இவ்விஷயத்தைக் கேள்விப்படுவதேயில்லை. எழுத்துக்கூட்டலை நாள்தோறும் ஒப்பிக்கச் செய்யும் ஆசிரியர், கரும்பலகையில் புதிய சொல்லை எழுதும்போதே அழுத்தம் விழும் அசையின் முன் ஒரு சிறு கோட்டை இட்டுவிடலாம். செலவில்லாத காரியம்; ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம். இது புதுமையும் அன்று: ஆங்கில அகராதியாசிரியர் ஜான்சன் 1755-இல் தம் பேரகராதியை அச்சிட்டபோதே தலைச்சொற்களில் அழுத்தக்குறி இட்டிருந்தார்.

பழகிப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்காகச் சில சொற்களைத் தருகிறேன்: க்யூரியாஸிட்டி, ஜியாக்ரஃபிகல், சிவிலைஸேஷன், சைக்காலஜிஸ்ட், மேத்தமாடிக்ஸ், எலெக்ட்ரீஷியன், ஆரிஜினாலிட்டி. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி அசைகளை எண்ணி, வலுவற்ற விகுதி இருந்தால் உரித்து, பின்னிருந்து கணக்கிட்டு, அதற்கப்புறம் அகராதியைத் திறந்து சரிபார்க்க வேண்டும். விடைகளை அடுத்த இதழில் தருவதோடு, விகுதி ஒன்றும் இல்லாமலே நீளும் கூட்டுச்சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ˈப்ளாக்-போர்ட்’ என்றால் வகுப்பறையின் கரும்பலகை என்றும், ‘ப்ளாக் ˈபோர்ட்’ என்றால் ஏதோ ஒரு கறுப்பு நிறப் பலகை என்றும் ஆங்கிலேயர் எவ்வாறு பிரித்தறிகிறார்கள் என்பது அங்கே வரும்.